விதைப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம்: ஆண்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள்

விதைகளில் வரும் புற்றுநோய் கைக்கு எட்டும் இடத்தில் ஆரம்பிக்கிற நோய். அதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் நோயாளிதான், சில வீடுகளில் மனைவி. கவனித்த பிறகு யாரிடமாவது சொல்வதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதில்கள். கேள்விகளில் சில இளைஞர்களுடையவை, சில அம்மாக்களும் மனைவிமார்களும் கேட்பவை.

இந்த நோய் நம் ஊரில் வருகிறதா? வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று சொல்கிறார்களே?

அவர்களுக்கு அதிகம் என்பது உண்மை. உலகிலேயே அதிகமாக வருவது நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில். அங்கே ஒரு லட்சம் ஆண்களில் ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவுக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் நம் மக்கள்தொகைக்கு அந்தக் குறைந்த விகிதமே ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான ஆண்கள் என்று ஆகிவிடும்.

வரும் வயதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள். கல்லூரியில் படிக்கிறவர், புதிதாக வேலைக்குப் போனவர், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறவர். புற்றுநோய் என்றாலே வயதானவர்களுக்கு, பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு என்று நினைத்துப் பழகிவிட்டதால், 24 வயதில் விதையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் யாருக்கும் அந்த எண்ணமே வருவதில்லை. அபூர்வமான நோய் என்பதால் சில நேரம் மருத்துவருக்கும் உடனே தோன்றுவதில்லை.

கட்டி இருக்கிறது, ஆனால் வலியே இல்லை. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். விதைப்புற்று பெரும்பாலும் வலிக்காது. விதையோடு ஒட்டிய ஒரு கெட்டியான பகுதி, அல்லது ஒரு பக்க விதை மட்டும் மெதுவாகப் பெரிதாகிக் கல் மாதிரி கனப்பது, இவைதான் வழக்கமான ஆரம்பம். சிலருக்கு அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ ஒரு மந்தமான இழுப்பு இருக்கும், பைக்குள் நீர் சேர்ந்தது போலத் தோன்றும். அரிதாகச் சிலருக்கு மார்பு லேசாகப் பெண்களுக்குப் போல வீங்கும், காம்பைத் தொட்டால் வலிக்கும். கட்டி சுரக்கும் ஹார்மோனால் வருவது அது.

வலியில்லாத கெட்டிக் கட்டிதான் சீக்கிரம் காட்ட வேண்டிய கட்டி. இதில் சில வகைகள் சில வாரங்களிலேயே இரட்டிப்பாகக் கூடியவை. பொங்கல் முடியட்டும், செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எப்படித் தொட்டுப் பார்ப்பது?

வெந்நீரில் குளித்து முடித்த நேரம் நல்லது. குளிரில் விதைப்பை சுருங்கி மேலே ஏறிக்கொள்ளும், ஒன்றும் சரியாகத் தெரியாது. வெதுவெதுப்பில் தோல் தளர்ந்து தொங்கும், உள்ளே இருப்பது விரல்களுக்கு நன்றாகப் புலப்படும். கையில் சோப்பு நுரை இருந்தால் இன்னும் எளிது.

நின்றுகொண்டு ஒவ்வொரு விதையாகப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விதைக்குப் பின்னால், கட்டைவிரல் முன்னால். அழுத்திப் பிசைய வேண்டாம், விரல்களுக்கு இடையே மெதுவாக உருட்டினால் போதும். மேலிருந்து கீழ்வரை, முன்பக்கம், இரண்டு ஓரங்கள் என்று முழுப் பரப்பும் விரலுக்கடியில் ஒருமுறை வந்து போக வேண்டும். ஆரோக்கியமான விதை உரித்த அவித்த முட்டை மாதிரி இருக்கும்: வழவழப்பு, கொஞ்சம் இளக்கம், மேடு பள்ளம் இல்லாமை. நீளம் 4 முதல் 5 சென்டிமீட்டர்.

பின்பக்கம் வரும்போது முதல் தடவை பலர் பதறிவிடுகிறார்கள். அங்கே விதையின் மேல்நுனியிலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொண்டு மிருதுவான, சற்றே கொழகொழப்பான ஒரு பட்டை இருக்கும். தொட்டால் லேசாகக் கூசும். அது எபிடிடிமிஸ், விந்தணுக்கள் முதிர்கிற சுருள்குழாய். எல்லா ஆணுக்கும் உண்டு, அது கட்டி அல்ல. அங்கிருந்து மேலே தொடை இடுக்கை நோக்கி, விரல்களுக்கு இடையே உருளுகிற ஒரு உறுதியான கயிறு போகும். அது விந்துக்குழாய், அதுவும் இயல்பானதே. இந்த இரண்டையும் ஒருமுறை விரலால் அடையாளம் கண்டுகொண்டால் பிறகு வீண் பயம் பாதி போய்விடும்.

நீங்கள் தேடுவது விதையின் உடலோடு ஒட்டிய கெட்டியான புடைப்பை. அரிசி அளவும் இருக்கலாம், பட்டாணி அளவும் இருக்கலாம். நகர்த்திப் பார்த்தால் விதையை விட்டுத் தனியாக நகராது. அடுத்தது, போன முறைக்கும் இந்த முறைக்கும் அளவிலோ கெட்டித்தன்மையிலோ வந்த மாற்றம். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நிமிடம் கூட ஆகாது.

எனக்கு ஒன்று பெரிதாக இருக்கிறது, இன்னொன்று கீழே தொங்குகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலான ஆண்களுக்கு அப்படித்தான். இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பது மிகச் சாதாரணம். பிறந்ததிலிருந்து இருக்கும் வித்தியாசம் வேறு, அண்மையில் வந்த வித்தியாசம் வேறு. எது எப்போதும் இருந்தது என்று தெரிந்திருந்தால்தான் எது புதிது என்று சொல்ல முடியும்.

மாதம் தவறாமல் பார்க்க வேண்டுமா? இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இதில் மருத்துவ உலகமே ஒரே குரலில் பேசவில்லை. மாதம் ஒருமுறை பாருங்கள் என்று சொல்லும் சிறுநீரியல் மருத்துவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவோ 2011இல், எந்த அறிகுறியும் இல்லாத இளைஞர்களுக்கு இதை ஒரு பொதுப் பரிசோதனைத் திட்டமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொன்னது. அவர்கள் பார்த்த கணக்கு இது: நோய் அபூர்வம், தாமதமாகக் கண்டாலும் பெரும்பாலும் குணமாகிறது, தொட்டுப் பார்ப்பதால் மரணம் குறைந்ததாக நிரூபணம் இல்லை, தேவையில்லாத பதற்றமும் ஸ்கேன்களும் கூடலாம்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளும் பக்கம்தான் நான். உயிர் பிழைப்பது ஒன்று, எவ்வளவு பட்டுப் பிழைக்கிறோம் என்பது இன்னொன்று. ஆரம்பத்தில் கண்டால் பலருக்கு ஓர் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது. பரவிய பிறகு வந்தால் மாதக்கணக்கில் கீமோ, அதன் பின்விளைவாகக் காது மந்தம், கைகால் மதமதப்பு, சிறுநீரகப் பாதிப்பு, சிலருக்கு வயிற்றுக்குள் இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை. நம் ஊரில் ஓர் இளைஞர் எந்தக் காரணத்துக்காகவும் மருத்துவரிடம் போகாமலே பத்து வருடம் ஓட்டிவிடுகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

காலண்டரில் குறித்து வைத்துப் பயந்து பயந்து பார்க்க வேண்டாம். குளிக்கும்போது அவ்வப்போது, மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தாராளம். தினமும் பார்ப்பது நல்லதல்ல. மெதுவாக வரும் மாற்றம் தினமும் தொடுகிற விரலுக்குத் தெரியாமலே போகும், கவலை மட்டும் வளரும்.

கட்டி என்றாலே புற்றுநோயா?

இல்லை. விதைப்பையில் தட்டுப்படுகிற பெரும்பாலானவை வேறு விஷயங்கள்.

நம் பக்கத்தில் ரொம்பக் காலமாகத் தெரிந்தது ஹைட்ரோசீல், ஊரில் ஓதம் என்பார்கள். விதையைச் சுற்றி நீர் சேர்ந்து பை பெரிதாகும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இருந்த பகுதிகளில் இது சர்வசாதாரணமாக இருந்தது. அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள், 'ஓதம்தான், தாத்தாவுக்கும் இருந்தது' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் விதைக்குள் கட்டி இருந்தாலும் அதைச் சுற்றி நீர் சேரலாம். அப்போது வெளியே நீர்தான் தெரியும், உள்ளே இருக்கும் கட்டி விரலுக்கு எட்டாது. இளம் வயதில் புதிதாக வரும் ஓதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

வேரிகோசீல் என்பது விதைக்கு மேலே இரத்தக்குழாய்கள் புடைத்துக் கொத்தாகத் தட்டுப்படுவது. பெரும்பாலும் இடது பக்கம். நின்றால் தெரியும், படுத்தால் மறையும். எபிடிடிமிஸில் வரும் நீர்க்கட்டி விதையை விட்டுத் தனியாக, மேலேயோ பின்னாலேயோ இருக்கும். குடலிறக்கம் இருமினால் புடைக்கும். காசநோய் கூட எபிடிடிமிஸைத் தாக்கிக் கட்டியாகத் தோன்றலாம், நம் நாட்டில் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றைப் பிரித்துச் சொல்வது உங்கள் வேலை அல்ல. புதிதாக ஒன்று இருக்கிறது என்று கண்டு, போய்க் காட்டுவதோடு உங்கள் பங்கு முடிந்தது.

திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால்?

அது வேறு, அவசரம். விதை தன் கயிற்றிலேயே முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். பெரும்பாலும் விடலைப் பையன்களுக்கு வரும், வாந்தியும் சேர்ந்து வரும், சில நேரம் தூக்கத்திலிருந்தே எழுப்பும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள். வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லும் பையனிடம் கீழேயும் வலிக்கிறதா என்று பெற்றோர் கேட்டுவிட வேண்டும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில், பிறக்கும்போது விதை பைக்குள் இறங்காமல் இருந்தவர்கள். சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்து கீழே கொண்டுவந்திருந்தாலும் இவர்கள் கவனமாகவே இருக்க வேண்டும். ஒரு விதையில் ஏற்கெனவே புற்று வந்தவருக்கு மறுபக்கமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்பாவுக்கோ, அதைவிட முக்கியமாக அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தாலும் அபாயம் கூடும். குழந்தையின்மைக்காகச் சோதனை செய்து விந்தணு மிகக் குறைவு என்று தெரிந்தவர்களிடமும் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

என் பையனுக்கு எட்டு மாதம். ஒரு பக்கம் விதை தெரியவில்லை. வளர வளர இறங்கிவிடும் என்கிறார் மாமியார்.

முதல் சில மாதங்களில் தானாக இறங்குவது உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு அதற்கான வாய்ப்பு ரொம்பக் குறைவு. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் இப்போதே காட்டுங்கள் அம்மா. ஒரு வயதையொட்டி, தாமதித்தால் ஒன்றரை வயதுக்குள், அறுவை சிகிச்சை செய்வது நல்லது. பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனுக்கும் அது உதவும், புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கும், விதை தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்துக்கும் வந்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கவனிக்கிற அம்மாக்களும் பாட்டிகளும் எத்தனையோ பையன்களுக்கு நன்மை செய்திருக்கிறார்கள்.

பையன் பெரியவனானதும் இப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்தது என்பதை அவனிடம் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது.

இறுக்கமான ஜட்டி, பைக், பாக்கெட்டில் செல்போன், சுயஇன்பம், கிரிக்கெட் பந்து அடி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்?

இவை எதுவும் விதைப்புற்றுக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. சுயஇன்பத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'நான் செய்த தப்புக்கு வந்தது' என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற பையன்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இது யாருடைய தப்பினாலும் வருவதல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அல்ல.

பந்து பட்டு வலித்ததால் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே இருந்த கட்டியைக் கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கிறது. அடிபட்ட வீக்கம் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் வடிய வேண்டும். வடியவில்லையென்றால் அடிதான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள்.

யாரிடம் போவது? என்ன சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் காரணம் விளக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவு, அல்லது யூராலஜி என்று கேட்டால் போதும். உள்ளே போனதும், 'விதையில் கட்டி மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது டாக்டர், இத்தனை நாளாக இருக்கிறது' என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மாணவர்கள் சுற்றி நின்றால் தனியாகப் பார்க்கக் கேட்கலாம். பெண் மருத்துவராக இருந்து உங்களுக்குச் சங்கடம் என்றால் ஆண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. அவர்களுக்கு இது அன்றாட வேலை, காதையோ கண்ணையோ பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேருந்து நிலையச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்து, லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மை வைத்தியம்' பார்ப்பவர்களிடம் போகாதீர்கள். வெட்கப்படுகிறவர்களை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. லேகியம் முடிவதற்குள் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம்.

என்ன சோதனை செய்வார்கள்?

கையால் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அல்ட்ராசவுண்ட்தான், கர்ப்பிணிகளுக்குச் செய்வார்களே, அதே வகை. படுக்க வைத்து, துணியால் மூடி, ஜெல் தடவி, சின்னக் கருவியை மேலே நகர்த்துவார்கள். ஜெல் சில்லென்றிருக்கும், வலி கிடையாது, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டி விதைக்கு உள்ளேயா வெளியேயா, கெட்டியா நீரா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகள் (புற்று இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருட்களை அளப்பவை), பிறகு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன். இரத்தத்தில் அளவு சரியாக இருந்தால் மட்டும் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

மற்றக் கட்டிகளுக்குச் செய்வது போல இதில் விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அப்படிச் செய்தால் புற்று பரவும் பாதை மாறிவிடலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் தொடை இடுக்கில் வெட்டி, அந்த விதையை முழுதாக எடுத்துத்தான் சோதிப்பார்கள். யாராவது விதைப்பையிலேயே குத்திப் பார்க்கலாம் என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

ஒரு விதையை எடுத்துவிட்டால் கல்யாணம், குழந்தை எல்லாம் என்னாகும்?

மற்ற விதை நன்றாக இருந்தால் ஆண் ஹார்மோனை அதுவே போதிய அளவு சுரக்கும். மீசை, குரல், உடலுறவு எதிலும் பெரும்பாலும் மாற்றம் வராது. குழந்தையும் பெறலாம். வெளித்தோற்றம் பற்றிக் கவலை இருந்தால் சிலிக்கான் விதை பொருத்திக்கொள்ள முடியும்.

ஆனால் சிகிச்சைக்கு முன்பே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: விந்தணுவைச் சேமித்து வைப்பது. கீமோ விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், சிலருக்குத் திரும்ப வர வருடங்கள் ஆகும். கருத்தரிப்பு மையங்களில் உறைய வைத்துப் பாதுகாக்கலாம். கல்யாணமாகாத பையனிடம் இதை எப்படிப் பேசுவது என்று பெற்றோர் தயங்கி விட்டுவிட்டால், பிறகு அந்த வாய்ப்பு திரும்பாது. மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

பரவிவிட்டிருந்தால் முடிந்ததா?

முடிந்துவிடவில்லை. விதையோடு நின்றிருக்கும்போது கண்டால் 100 பேரில் 99 பேர் ஐந்து வருடத்தைத் தாண்டி வாழ்வதாக அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகும் 70 பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். வேறு பல புற்றுநோய்களில் நினைத்துப் பார்க்க முடியாத எண் இது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பரவிய விதைப்புற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவின் மேல் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. மின்சாரம் அதற்குக் காரணமல்ல, மின்முனையிலிருந்த பிளாட்டினம்தான் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து வந்த மருந்து சிஸ்பிளாட்டின். 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், நுரையீரல் வரை பரவி வேறு மருந்துகள் எல்லாம் தோற்றுப்போன ஜான் கிளீலண்ட் என்ற மாணவருக்கு அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அவர் குணமானார்.

அதே ஐன்ஹார்னிடம்தான் 2012இல் யுவராஜ் சிங் சிகிச்சை பெற்றார். அவருக்கு வந்தது விதையில் அல்ல, இரு நுரையீரல்களுக்கும் நடுவே. ஆனால் விதைப்புற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செமினோமா. 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக வாந்தி எடுத்துக்கொண்டே 113 அடித்தாரே, அது இந்த நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு. கீமோ முடித்து 2012 செப்டம்பரில் இந்திய அணிக்கு அவர் திரும்பி வந்து ஆடியதும் அதே சேப்பாக்கத்தில்தான். அவருக்கு வந்ததைத் தொட்டுப் பார்த்துக் கண்டிருக்க முடியாது. விதையில் வருவதை முடியும்.

இந்தச் சிகிச்சைக்கு இப்போது அமெரிக்கா போக வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்திலும், பெரிய அரசு மருத்துவமனைகளிலும் அதே மருந்துகள்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு இருப்பதை நான்தான் கவனித்தேன். மருத்துவரிடம் வர மறுக்கிறார். என்ன செய்வது?

பயத்தில்தான் மறுக்கிறார். புற்றுநோயாக இருந்தால் என்ற பயம், ஆண்மை போய்விடுமோ என்ற பயம். சண்டை போட்டால் இன்னும் மூடிக்கொள்வார். 'இருப்பது பெரும்பாலும் சாதாரணமானதுதான், ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், நானும் கூட வருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். தேதியை நீங்களே வாங்கிவிடுங்கள். அவர் மதிக்கிற ஒரு நண்பரோ மச்சானோ சொன்னால் கேட்பார் என்றால், ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம், அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.

மருத்துவர் தொற்று என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். முடித்துவிட்டேன். வலி குறைந்தது, கெட்டி அப்படியே இருக்கிறது.

திரும்பிப் போங்கள், இந்த வாரமே. எபிடிடிமிஸ் தொற்றும் விதைக்கட்டியும் ஆரம்பத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம், முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பது மருத்துவர் செய்த தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை முடிந்தும் வீக்கம் போகவில்லை என்றால் இன்னொரு சுற்று மாத்திரைக்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். 'இன்னும் இருக்கிறது டாக்டர், ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுங்கள்' என்று நேராகவே கேளுங்கள். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அங்கே எழுதித் தரவில்லையென்றால் வேறொரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.